கேன் தண்ணீரை வாங்குங்கள், கையெழுத்தை நிறுத்திவையுங்கள்

கேள்வி: திருவொற்றியூரில் எங்கள் தெருவில் ஒன்பது வீடுகள் உள்ளன. ஏழு வீடுகளில் 22 அடி உறைகிணறு, இரண்டு வீடுகளில் 60 அடி போர். தீபாவளிக்குப் பின் பெய்த மழையிலிருந்து கிணற்று நீரில் பெட்ரோல் வாடை வருகிறது. காலையில் வாளியை இறக்கினால் நீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் மிதக்கிறது. அருகிலுள்ள நிறுவனத்தினர் வந்து பார்த்துவிட்டு வீட்டுக்குத் தினம் இரண்டு கேன் தண்ணீர் தருகிறார்கள். அவர்களே நீர் எடுத்துச் சென்று சோதித்து, 'குடிநீர்த் தர வரம்புக்குள் உள்ளது' என்று அறிக்கையும் கொடுத்துவிட்டார்கள். இப்போது இலவசமாக ஆர்.ஓ. இயந்திரம் பொருத்தித் தருவதாகச் சொல்லி, வீட்டு உரிமையாளர்களிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து கேட்கிறார்கள். அதன் கடைசி வரியில் 'இது குறித்து இனி எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டோம்' என்று இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? அந்த நீரைக் காய்ச்சியோ, துணி துவைக்கவோ பயன்படுத்தலாமா? கிணற்றை மூடிவிடலாமா? (ஒரு வாசகி)

பதில்: படிவத்தில் இப்போதைக்குக் கையெழுத்திட வேண்டாம்; தண்ணீரை மட்டும் தொடர்ந்து வாங்கிக்கொள்ளுங்கள். காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் இன்றே செய்ய வேண்டியவை சில உள்ளன.

பெட்ரோல் வாடை வரும் கிணற்றின் அருகே தீக்குச்சி கிழிக்கவோ பீடி, சிகரெட் பற்றவைக்கவோ யாரையும் விடாதீர்கள். மோட்டார் மூடிய அறையிலோ கிணற்றுக்கு உள்ளேயோ இருந்தால் அதை இயக்க வேண்டாம். சுவிட்சில் தெறிக்கும் சிறு பொறியே அங்கே தேங்கிய ஆவியைப் பற்றவைக்கப் போதும். தூர் வாரலாம், எண்ணெயை வழித்தெடுக்கலாம் என்று யாரையும் கிணற்றில் இறக்காதீர்கள். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, உறைகளுக்குள் அடியில் தங்கி, இறங்குபவரைச் சில நிமிடங்களில் மயங்கச் செய்துவிடும். வாடை வீட்டுக்குள்ளும் வந்தால் தீயணைப்புத் துறைக்கு (101) உடனே சொல்லுங்கள். பிளீச்சிங் பவுடர் கொட்டும் பழக்கம் நம் தெருக்களில் உண்டு. அது கிருமிக்கான மருந்து, எண்ணெயை ஒன்றும் செய்யாது. எரிபொருளோடு அது சேர்வதே ஆபத்தானது.

காய்ச்சலாமா என்ற கேள்விக்கும் விடை இதையொட்டியதுதான். பெட்ரோலில் உள்ள பென்சீன் எளிதில் ஆவியாகும் பொருள். நீரைக் காய்ச்சினால் அது அடுக்களைக் காற்றில் கலந்து, அடுப்பருகே நிற்பவரின் மூச்சில் போய்ச் சேரும். பென்சீன் மனிதர்களுக்கு இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதி செய்யப்பட்ட ஒன்று. ஆகவே குடிக்க, சமைக்க, பல் துலக்க, குறிப்பாகச் சூடுபடுத்திக் குளிக்க இந்த நீர் ஆகாது. மூடிய குளியலறையில் துவைப்பதும் வேண்டாம். கைக்குழந்தையோ கருவுற்ற பெண்ணோ இருக்கும் வீடு இதில் எந்தச் சலுகையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வாடை குறைந்துவிட்டது என்பதும் ஆறுதல் அன்று. உலக சுகாதார அமைப்பு குடிநீரில் பென்சீனுக்குச் சொல்லும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், நம் மூக்குக்குத் தெரிவதோ அதைப்போலப் பல மடங்கு சேர்ந்த பிறகுதான்.

நீங்கள் கண்ட படலம் உண்மையிலேயே எண்ணெய்தானா என்பதை ஒரு குச்சியால் பார்த்துவிடலாம். வடசென்னையில் பல கிணறுகளில் இரும்புச் சத்து அதிகம். இரும்பை உண்டு வாழும் நுண்ணுயிர்களும் இதே போன்ற வானவில் படலத்தை விரிக்கும். வாளி நீரை அசையாமல் வைத்து, படலத்தைக் குச்சியால் கீறிப் பாருங்கள். நுண்ணுயிர்ப் படலம் அப்பளம்போல் துண்டு துண்டாக உடைந்து அப்படியே நிற்கும். எண்ணெய் விலகி, மறுபடியும் ஒன்றுகூடும். வாடையும் சேர்ந்திருப்பதால் உங்கள் கிணற்றில் இருப்பது எண்ணெய் என்றே கருதுகிறேன். ஆனாலும் இந்தச் சோதனையை அக்கம்பக்கத்தாரை வைத்துக்கொண்டு செய்து, கைப்பேசியில் காணொளியாகப் பதிவு செய்து வையுங்கள்.

மழைக்குப் பிறகு ஏன் வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நிறுவனத்தின் அறிக்கையைப் படிக்க இது தெரிந்திருக்க வேண்டும். உங்கள் பகுதி கடலோர மணற்பூமி. நிலத்தடி நீர் சில அடிகளிலேயே இருக்கும். பெட்ரோலும் டீசலும் நீரைவிட இலேசானவை என்பதால், எங்கோ குழாயிலோ தொட்டியிலோ கசிந்தது மணலில் இறங்கி, நீர்மட்டத்தின் மேல் மிதந்து, நிலத்தடி நீர் நகரும் திசையில் தானும் நகரும். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது அதுவும் கூடவே இறங்கி, வழியெல்லாம் மணலில் ஒட்டிக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழையில் நீர்மட்டம் ஏறும்போது, ஒட்டியிருந்ததில் ஒரு பகுதி நீருக்குள் அமிழ்ந்து கரையும், மற்றது மறுபடி மிதக்கும். ஆகவே தீபாவளி மழைக்குப் பிறகு வாடை வந்ததால் கசிவும் அப்போதுதான் தொடங்கியது என்று ஆகாது. அதேபோல, அடுத்த மே மாதத்தில் எடுக்கும் ஒரு மாதிரி சுத்தமாக வந்தாலும் பிரச்சினை தீர்ந்தது என்று ஆகாது. ஒரே ஒரு சோதனையை வைத்து எந்த நிறுவனமும் எதையும் முடித்துவைக்கக் கூடாது. குறைந்தது ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் சேர்ந்த ஓராண்டு அளவீடு வேண்டும்.

இனி அந்த அறிக்கை. அதை எடுத்து, 'வரம்புக்குள் உள்ளது' என்ற முடிவுரையை விட்டுவிட்டு, எவற்றைச் சோதித்தார்கள் என்ற பட்டியலை முதலில் படியுங்கள். கார அமில நிலை, மொத்தக் கரைந்த உப்பு, கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், இரும்பு, ஈ.கோலி என்றுதான் இருந்தால் அது வழக்கமான குடிநீர்ச் சோதனை. பெட்ரோல் கலந்த நீரும் அதில் எளிதாகத் தேறிவிடும், ஏனெனில் பெட்ரோலை யாரும் தேடவே இல்லை. உங்கள் கிணற்றுக்குத் தேவை பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகிய நான்கும், மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பனும், பல்வளைய ஹைட்ரோகார்பன்களும். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-இல் கனிம எண்ணெய்க்கு (அதாவது பெட்ரோலிய எண்ணெய்க்கு) லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்றும், பல்வளைய ஹைட்ரோகார்பன்களுக்கு 0.0001 மில்லிகிராம் என்றும் வரம்பு இருக்கிறது. இரண்டிலும் தளர்வுக்கு இடம் இல்லை.

இவற்றின் பெயர்கள் அறிக்கையில் இருந்தாலும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 'கண்டறியும் அளவுக்குக் கீழ்' என்று எழுதியிருந்தால், அந்தக் கண்டறியும் அளவு எவ்வளவு என்று கேளுங்கள். ஓர் ஆய்வகத்தின் கருவியும் முறையும் 0.05 மில்லிகிராமுக்குக் கீழே பென்சீனைப் பார்க்க முடியாதவை என்று வைத்துக்கொள்வோம். வழிகாட்டு அளவைப் போல நான்கு மடங்கு பென்சீன் இருந்தாலும் அந்த அறிக்கை 'கண்டறியப்படவில்லை' என்றே சொல்லும். பொய் என்று அதைச் சொல்ல முடியாது, பயன் என்றும் சொல்ல முடியாது. ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருப்பதும் தனியாகப் போதாது. அங்கீகாரம் ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியே தரப்படுவது. உப்பைச் சோதிக்க அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் பென்சீனுக்கும் பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை.

நீர் எடுத்த விதத்தில்தான் பெரும்பாலான அறிக்கைகள் கெட்டுப்போகின்றன. அவர்கள் எடுத்தபோது நீங்கள் அருகில் இருந்திருந்தால் நினைவுபடுத்திப் பாருங்கள். இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில், மோட்டார் போட்டுக் குழாயில் பிடித்து, வெயிலில் வண்டியில் வைத்துக் கொண்டுபோயிருந்தால், பென்சீனின் ஒரு பகுதி குழாய் முனையிலும் ஒரு பகுதி வழியிலும் பறந்திருக்கும். மோட்டாரின் உறிஞ்சுகுழாய் கிணற்றின் அடியில் இருக்கும், எண்ணெயோ மேலே மிதக்கும். சரியான முறை வேறு. ஒளி ஊடுருவும் நீண்ட குழல் ஒன்றைக் கயிற்றில் கட்டி, நீர்ப்பரப்பு குழலின் நடுவில் வரும்படி மெதுவாக இறக்கித் தூக்குவார்கள். குழலுக்குள் மேலே மஞ்சளாக எண்ணெய், கீழே நீர், இரண்டுக்கும் நடுவே கோடு போட்டதுபோல எல்லை தெரியும். இப்படி ஓர் உறைகிணற்றில் இரண்டு விரல் உயரம் எண்ணெய் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். சுற்றி நின்றவர்கள் யாரும் அதன் பிறகு ஆய்வக அறிக்கைக்குக் காத்திருக்கவில்லை. (கிணற்றில் தெரியும் உயரம் சுற்றியுள்ள மணலில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும் என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிட வேண்டும்.) கரைந்துள்ள பென்சீனைச் சோதிக்கும் நீரை 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பியில், சிறிதளவு ஹைட்ரோகுளோரிக் அமிலம் இட்டு, விளிம்பில் நீர் முட்டி நிற்கும்வரை நிரப்பி மூட வேண்டும். மூடிய பின் குப்பியைக் கவிழ்த்துத் தட்டினால் ஒரு காற்றுக் குமிழிகூட மேலே ஓடக் கூடாது. பிறகு பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, அமிலம் இட்டிருந்தால் 14 நாட்களுக்குள் சோதிக்க வேண்டும்.

நிறுவனத்தின் சோதனையை நிராகரிக்கச் சொல்லவில்லை. மறுபடி எடுக்க அழையுங்கள், ஒரே இறக்கத்தில் எடுத்த நீரை இரண்டு குப்பித் தொகுதிகளாகப் பிரித்து, இருவரும் கையெழுத்திட்ட சீட்டு ஒட்டி, ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஆய்வகத்துக்கு அனுப்பக் கேளுங்கள். ஒளிக்க எதுவும் இல்லாத நிறுவனம் இதற்கு மறுப்புச் சொல்லக் காரணம் இல்லை. செலவு பல ஆயிரம் ஆகும் என்பதால் ஒன்பது கிணற்றையும் சோதிக்க வேண்டாம்; நிறுவனத்தின் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, எதிர்க்கோடியில் ஒன்று, கூடவே ஒரு போர் என நான்கு இடம் முதலில் போதும்.

கேன் தண்ணீருக்கு வருகிறேன். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டுத் திட்டக் கணக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 675 லிட்டர். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் 45 குடம். நிறுவனம் தருவது இரண்டு கேன், 40 லிட்டர், மூன்று குடம்கூட நிரம்பாது. மிச்ச நாற்பத்திரண்டு குடத்துக்கு மக்கள் அதே கிணற்றில்தான் வாளி விடுவார்கள். ஆகவே குடிக்கக் கேன், மற்றதற்கு லாரித் தண்ணீர் என இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். லாரி நீர் எங்கே நிரப்பப்படுகிறது என்பதையும் கேளுங்கள். மீஞ்சூர்ப் பக்கத்து விவசாயக் கிணறுகளில் நிரப்பும் தனியார் லாரியா, குடிநீர் வாரியத்தின் நீரா என்பது தெரிய வேண்டும். வாரிய நீர் என்றால் வீட்டுக்கு வரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். பட்டியலில் வீட்டு உரிமையாளர் பெயர் மட்டும் இருந்தால் உடனே திருத்தச் சொல்லுங்கள். ஒரே வீட்டில் நான்கு குடித்தனம் இருக்கும் வடசென்னையில் வீட்டுக்கு இரண்டு கேன் என்பது கணக்கே அன்று.

குடிநீர் வாரியக் குழாய் இணைப்பு இருப்பவர்கள் அதையும் ஒருமுறை சோதிக்க வேண்டும். முறை வைத்து நீர் விடும் குழாயில் நீர் நின்ற நேரத்தில் உள்ளே அழுத்தம் குறைந்து, வெளியே மண்ணில் தேங்கியிருப்பதை இணைப்புக் கசிவுகள் வழியே உறிஞ்சிக்கொள்ளும். பெட்ரோல் சில வகைப் பிளாஸ்டிக் குழாய்களின் சுவரையே ஊடுருவிச் செல்லவும் கூடியது. வாரியத்தின் 1916 எண்ணில் புகாரைப் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் கலந்த நீர் ஏறிய சம்பும் மாடித் தொட்டியும் வாடையைப் பிடித்துக்கொண்டிருக்கும். லாரி நீரை அவற்றில் நிரப்பினால் அதுவும் கெடும்.

ஆர்.ஓ. இயந்திரம் உப்பைக் குறைக்கச் செய்தது. பென்சீன் போன்ற சிறிய, ஆவியாகும் மூலக்கூறுகளை அதன் சவ்வு நம்பத்தக்க அளவில் தடுக்காது. கூடவே வரும் கரி வடிகட்டிதான் அவற்றைப் பிடிக்கும். பிடித்துப் பிடித்துக் கரி நிறைந்தால் பிறகு வருவதை அப்படியே விட்டுவிடும், எப்போது நிறைந்தது என்று எந்த விளக்கும் எரிந்து காட்டாது. எண்ணெய்ப் படலம் மிதக்கும் கிணற்று நீரை வீட்டு ஆர்.ஓ.வில் விடக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. குழாய் நீரின் உப்புக்காக இயந்திரம் வேண்டும் என்றால் அது வேறு பேச்சு, அதைப் படிவத்தோடு சேர்க்க வேண்டியதில்லை.

படிவத்தின் கடைசி வரி நிவாரணத்தையும் தீர்வையும் ஒரே தாளில் கட்டிவிடுகிறது. எவ்வளவு கசிந்தது, எதுவரை பரவியது, எத்தனை ஆண்டு கிணற்றைத் தொட முடியாது என்று எதுவும் தெரியாத நிலையில், தெரியவரப்போகும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓர் இயந்திரத்தின் விலையில் நீங்கள் கணக்கை முடிக்கிறீர்கள். இப்படிப்பட்ட ஒப்புதலை நீதிமன்றம் பின்னர் ஏற்காமல் போகலாம், ஆனால் அதை வாதாடி நிறுவும் சுமை உங்கள் தலையில் விழும். தினசரிக் கேனுக்குக் கையெழுத்து கேட்டால் கொடுங்கள். கையெழுத்தின் மேலே உங்கள் கையாலேயே 'தற்காலிக நிவாரணமாக மட்டும் பெற்றுக்கொண்டேன், என் சட்ட உரிமைகளுக்குப் பங்கமின்றி' என்று எழுதித் தேதி இட்டு, படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பே யாராவது முழுப் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தால் பதற வேண்டாம், படிவத்தின் நகலோடு ஒரு வழக்கறிஞரைப் பார்க்கட்டும்.

கேன் வண்டியில் 'நிறுவனச் சமூகப் பொறுப்புத் திட்டம்' என்று பதாகை கட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். 2021-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, வேறு சட்டத்தின் கீழ் செய்தே ஆக வேண்டிய கடமைகளைச் சமூகப் பொறுப்புச் செலவில் சேர்க்க முடியாது. மாசுக்குப் பொறுப்பான நிறுவனம் தரும் மாற்று நீர் தருமக் கணக்கில் வராது. தருமம் என்று பெயரிட்டுத் தருவதை எந்த நாளும் நிறுத்திவிடலாம் என்பதால்தான் இந்தப் பெயரில் நான் கறாராக இருக்கிறேன்.

அப்படியானால் நிறுவனத்திடம் கேட்க வேண்டியது என்ன? கசிவு எங்கே என்று கண்டு நிறுத்துவதும், குழாய்களையும் தொட்டிகளையும் அழுத்தச் சோதனை செய்து முடிவைத் தருவதும் முதலில் வர வேண்டும். பிறகு தெருவில் கண்காணிப்புக் கிணறுகள் இட்டு, எண்ணெய் எதுவரை பரவியுள்ளது, நிலத்தடி நீர் எத்திசையில் நகர்கிறது என்று வரைபடம் தர வேண்டும். அதன் பின்னரே சுத்திகரிப்பு: மிதக்கும் எண்ணெயை இறைத்தெடுப்பது, மண்ணிலுள்ள ஆவியை உறிஞ்சி எடுப்பது, நீரை வெளியே எடுத்துச் சுத்திகரிப்பது. இது மாதங்களில் முடியும் வேலை அன்று, ஆண்டுக்கணக்கில் நடப்பது. 2013-இல் தண்டையார்பேட்டையில் வீட்டுக் கிணறுகளில் பெட்ரோலியப் பொருள் தெரியவந்த விவகாரம், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதை உங்கள் தெருப் பெரியவர்கள் அறிந்திருப்பார்கள்.

ஒன்பது வீட்டாரும் கையெழுத்திட்ட ஒரே மனுவைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 33அ பிரிவின் கீழ் நிறுவனத்துக்கு உத்தரவிடும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு. நிறுவனத்துக்கு வாரியம் அளித்த இசைவாணை (இயங்குவதற்கான அனுமதி), ஆய்வு அறிக்கைகள் ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாட்களில் பதில் தர வேண்டும்.

இழப்பீட்டுக்குப் போக நேர்ந்தால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சேப்பாக்கத்திலேயே இருக்கிறது. தீர்ப்பாயத்துக்கான 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவில் இழப்பீடும் சீரமைப்பும் கேட்க, காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. 14-ஆவது பிரிவின் கீழான மற்ற தகராறுகளுக்கு ஆறு மாதம்தான். இந்த ஆறு மாதத்தைத்தான் 'பேசிக்கொண்டிருக்கிறோம்' என்ற கூட்டங்களில் மக்கள் தொலைத்துவிடுகிறார்கள். 17-ஆவது பிரிவின் கீழ் வரும் இழப்பு விபத்தால் நேர்ந்தது என்றால், நிறுவனம் கவனக்குறைவாக இருந்தது என்று நீங்கள் நிறுவ வேண்டிய தேவையும் இல்லை. ராஜஸ்தானில் உதய்ப்பூர் அருகே பிச்சிரி கிராமத்தில் ரசாயனத் தொழிற்சாலைக் கழிவால் கிணறுகள் கெட்ட வழக்கில், மாசுபடுத்தியவரே சீரமைப்புச் செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. நிறுவனத் தரப்பு மனு மேல் மனுவாகப் போட்டு இழுத்தடித்ததால், 2011-இல் 37.385 கோடி ரூபாயை 12 விழுக்காடு கூட்டு வட்டியோடு செலுத்த உத்தரவாயிற்று. தீர்ப்புக்கும் இந்த உத்தரவுக்கும் நடுவே பதினைந்து ஆண்டு போனது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

கடைசியாக, கிணற்றை மூடுவது பற்றி. மண் கொட்டித் தூர்த்துவிடாதீர்கள். எண்ணெய் எவ்வளவு உயரம் நிற்கிறது, நீர்மட்டம் எங்கே இருக்கிறது என்று அளக்க உங்கள் தெருவில் தயாராக இருக்கும் இடம் அதுதான். போரை இன்னும் ஆழப்படுத்துவதும் கூடாது, மேலே இருக்கும் மாசுக்கு அடிநீர்வரை வழி வெட்டியதாகிவிடும். குழந்தைகள் திறக்க முடியாத கனமான மூடியைப் போட்டு, 'குடிக்க, புழங்க ஆகாது, நெருப்புக் கூடாது' என்று பெயின்ட்டில் எழுதி வையுங்கள். ஒரு பள்ளி நோட்டு வாங்கி, வாரம் ஒருநாள் வாடை இருந்ததா, படலம் இருந்ததா, அந்த வாரம் மழை பெய்ததா, எத்தனை கேன் வந்தது, லாரி வந்ததா என்று தேதியிட்டு எழுதி வாருங்கள். முதல் பக்கத்தில் தீபாவளிக்குப் பிறகு முதன்முதலில் வாடையைக் கண்டது எந்தக் கிழமை, யார் வீட்டில் என்பதை, எல்லோருக்கும் நினைவிருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.